மலைநாட்டு ஈரத்துல பழைய மாடல் மரங்களைக் காப்பாத்துறது

மேசை விளையாட்டுக்குன்னு கையால செஞ்ச பழைய மாடல் மரம் ஒன்னு கிடைச்சா எல்லாரும் முதல்ல இலையைத்தான் பாப்பாங்க. இலை கொட்டி நிறம் மங்கி தொட்டா தூள் விழுந்திச்சின்னா "இது சரிவராது, புதுசா ஒன்னு செஞ்சிக்கலாம்"னு ஒதுக்கிடுவாங்க. எனக்கு அதுல உடன்பாடே இல்ல. மாடல் மரத்துல இலைங்கிறது உடுப்பு மாதிரி, கிழிஞ்சா மாத்திக்கலாம், ஆனா தண்டும் கொப்பும் அப்படி இல்ல, ஒருத்தர் உக்காந்து கம்பியை ஒவ்வொன்னா முறுக்கி இந்தக் கொப்பு இந்தப் பக்கம்தான் சாயணும்னு யோசிச்சி செஞ்சது அது, திரும்ப அதே மாதிரி யாராலயும் செய்ய ஏலாது. அதனால பழைய மரத்தை எடுத்தா முதல்ல கொப்பைப் பாருங்க, அப்புறம் பசையைப் பாருங்க, இலைக்கு கடைசியா வாங்க. நான் எழுதப் போறது எல்லாமே இந்த ஒரு விசயத்தைச் சுத்தித்தான்.

நாங்க இருக்கிறது இலங்கை மலைநாட்டுல, ஹட்டன் பக்கம். மேசை மேல மேடு, ஆறு, வீடு, காடு எல்லாம் வச்சி சின்ன சின்ன சிப்பாய்களை நகர்த்தி பழைய சண்டைகளை விளையாடுறது, வார்கேம்னு சொல்றது, எங்களுக்கு எங்க சரித்திர சேர்கிட்ட இருந்து வந்த பழக்கம். 1:72 அளவு பிளாஸ்டிக் சிப்பாய், ஒரு ஆள் நின்னா சுமார் இரண்டரை சென்ரிமீட்டர் உயரம் வரும். சிப்பாய்களை வெளிநாட்டுல இருந்து வர்ற சொந்தக்காரங்ககிட்ட சொல்லி எடுப்பிச்சிக்குவார், ஆனா மரம், வேலி, பாலம் எல்லாம் அவரே செஞ்சது, ஏன்னா அந்தக் காலத்துல அதெல்லாம் இங்க வாங்கிறதுக்கு வழியே இல்ல. வீட்டு கரண்ட் வயர், கட்டுக்கம்பி, தும்பு, மெத்தை ஸ்பொஞ்ச், மரத்தூள், கவ்வாத்து வெட்டின தேயிலை மலையில பொறுக்கின மிலாறு, அதாவது வெட்டிப் போட்ட தேயிலைக் கொப்பு, இதுதான் அவரோட சாமான். அவர் பென்சன் எடுத்து மகளோட இருக்கப் போறப்போ பெட்டிகளை எங்ககிட்ட குடுத்திட்டு ஒன்னே ஒன்னுதான் சொன்னார், "மகன், இலையை நெனச்சி கவலப்படாத, கொப்ப மட்டும் ஒடச்சிறாத."

சேருக்கு பிடிச்ச சண்டை ரெண்டு. ஒன்னு 1815 ஜூன் 18ல ஐரோப்பாவுல நெப்போலியன் தோத்த வாட்டர்லூ, மத்தது நம்ம பக்கத்து சண்டை, 1638 மார்ச் 28ல பேராதனைக்கு அங்கிட்டு மகாவலிக் கரையில கன்னொருவையில நடந்தது, ரெண்டாம் ராஜசிங்கன் போர்த்துக்கீசப் படையை ஒரேயடியா முடிச்ச சண்டை. கண்டி ராச்சியத்து சண்டைகளை மேசையில விளையாட நினைக்கிறவங்களுக்கு மரம்ங்கிறது அலங்காரம் இல்ல. கண்டிப் படை கோட்டை கட்டி நின்னு ஜெயிக்கல, ஒடுங்கின கணவாய்ல, காட்டுக்குள்ள, எதிரியோட வரிசை அறுந்து போற இடமாப் பாத்து அடிச்சித்தான் ஜெயிச்சாங்க. காடு இல்லாத வெறும் பச்சை மேசையில கன்னொருவையை வச்சா வரிசை கட்டி நின்னு சுடுற பக்கம் சும்மா ஜெயிச்சிரும், அந்த சண்டை ஏன் அப்படிப் போச்சின்னே வெளங்காது. அதனாலதான் இந்த மரங்களை விட எனக்கு மனசு வரல.

பெட்டி ரெண்டு இடத்துல இருந்து வந்திச்சி. ஒரு பெட்டி சேரோட அம்மா இருந்த லயத்து வீட்டு அட்டல்ல, அதாவது அடுப்புக்கு மேல வெறகு அடுக்குற அந்தப் பரண்ல இருந்தது. மத்தது அவர் பின்னாடி கட்டின சீமெந்து வீட்டுல அலுமாரிக்குள்ள பத்திரமா பூட்டி வச்சிருந்தது. தெறந்து பாத்தா பத்திரமா இருந்த பெட்டிதான் மோசம். சாம்பல் நிறத்துல பூஞ்சணம், கட்டுக்கம்பி துருப்பிடிச்சி பட்டைக்குள்ள இருந்து வெளிய கசிஞ்சி கறை, ஹார்ட்போர்ட் அடித்தட்டு ஊதி பணியாரம் போல ஆயிருச்சி. அட்டல் பெட்டி மரம் எல்லாம் கரி பிடிச்சி கறுப்பு, ஆனா கம்பி உறுதி, அடித்தட்டு தட்டையா அப்படியே இருக்கு, பூஞ்சணம் கொஞ்சம் கூட இல்ல. அடுப்புச் சூடு நாள் முழுக்க அந்த இடத்தை காய வச்சிக்கிட்டே இருந்திருக்கு. மே மாசம் தென்மேற்கு மழை பிடிச்சா செப்டம்பர் வரைக்கும் இந்தப் பக்கம் சுவர் காயாது, உடுப்பு காயாது, பூட்டின அலுமாரிக்குள்ள காத்தும் போகாது. தூசியை விட, வெயிலை விட, எலியை விட நம்ம ஊர்ல மாடல் மரத்துக்கு எதிரி ஈரம்தான்னு அந்த ரெண்டு பெட்டியையும் பக்கத்துல பக்கத்துல வச்சப்பவே தெரிஞ்சி போச்சி.

வேலையைத் தொடங்க முதல்ல ஒவ்வொரு மரத்தையும் நாலு பக்கமும் ஃபோட்டோ எடுத்திருங்க. அப்புறம் டோச் அடிச்சிப் பாத்து பிரிங்க: பூஞ்சணம் பிடிச்சதை உடனே தனியா வெளி இஸ்தோப்புக்கு எடுத்திட்டு போயிரணும், அது மத்ததுக்கும் பரவும். மூக்கும் வாயும் மூடுற மாதிரி மாஸ்க் கட்டாயம் போடுங்க, பூஞ்சணத் தூள், கரி, பழைய எனமல் பெயின்ட் எதுவுமே நெஞ்சுக்கு நல்லதில்ல, பழைய பெயின்ட்ல ஈயம் கலந்திருக்க வாய்ப்பிருக்கு, அதனால காஞ்ச பெயின்டை மண்தாள் போட்டு தேய்க்கிற வேலையே வேணாம், சின்னப் பிள்ளைங்க இருக்கிற வீடுன்னா இன்னும் கவனம்.

கரி பிடிச்ச மரத்துல தண்ணியை வச்சிறாதீங்க. அடுப்புக் கரியில எண்ணெய்ப் பிசுக்கு கலந்திருக்கும், தண்ணி பட்டா பட்டையோட ஒவ்வொரு கோட்டுக்குள்ளயும் இறங்கி அங்கேயே பிடிச்சிக்கும். முதல்ல மெதுவான காஞ்ச பிரஷ், மேல இருந்து கீழ, அதோட கெமரா லென்ஸ் ஊதுற ரப்பர் பல்ப் இருந்தா ஊதி விடுங்க. தூள் எல்லாம் போன பிறகு தண்டுல மட்டும் பஞ்சுக் குச்சியில சர்ஜிகல் ஸ்பிரிட் தொட்டு கொஞ்சம் கொஞ்சமா எடுக்கலாம், ஆனா முதல்ல கண்ணுல படாத ஒரு இடத்துல தொட்டுப் பாருங்க, அக்ரிலிக் பெயின்டா இருந்தா ஸ்பிரிட்டுக்கு கரைஞ்சி வந்திரும். கரி முழுசா போகணும்னு அவசியமே இல்ல. கொப்பு பிரியிற இடுக்குல கொஞ்சம் கறுப்பு நின்னா அது நிழல் மாதிரியே நல்லாயிருக்கும், நான் அதை விட்டுட்டேன்.

பூஞ்சணத்துக்கு பிளீச் அடிக்கச் சொல்றவங்க இருக்காங்க, வினிகர் அடிக்கச் சொல்றவங்களும் இருக்காங்க. டைலுக்கு சரி, உள்ள இரும்புக் கம்பி இருக்கிற மரத்துக்கு ரெண்டும் வேணாம், துருவை இழுத்து விட்டுரும். வெயில் வர்ற காலையில வெளிய வச்சி முழுசா காயவிட்டு, காஞ்ச பூஞ்சணத்தை பிரஷ்ல தட்டி, 70 வீத அல்கஹால் தொட்டுத் தொட்டு துடைச்சி, திரும்பவும் காய விடுறதுதான் எனக்கு சரிவந்தது. இலைக்குள்ள பூஞ்சணம் இறங்கியிருந்தா அந்த இலையை யோசிக்காம எடுத்திருங்க.

அடுத்தது பசை. இதுலதான் நிறைய நேரம் போகும், போகட்டும். சேர் பல வருசமா செஞ்சதால மரத்துக்கு மரம் பசை வேற. வெள்ளைக் கம், அதான் பைண்டர் கம், இளஞ்சூட்டுத் தண்ணி தொட்டு கொஞ்ச நேரம் விட்டா திரும்ப வெள்ளையாகி இளகும், அப்ப கத்தி இல்லாமலே இலையை உரிச்சி எடுக்கலாம். குளூ கன் பசை கண்ணாடி மாதிரி தெரியும், கட்டி கட்டியா நூல் இழுத்திருக்கும், அதுக்கு ஹெயார் டிரையர் சூடு பிடிச்சா இளகும், இல்லன்னா ஐசோபுரொப்பைல் அல்கஹால் ஒரு சொட்டு பசை ஒட்டின விளிம்புல விட்டா உள்ள இறங்கி பிடியை விட்டுரும், எனக்கு தெரிஞ்சதுல இது மாதிரி சுத்தமான வழி வேற இல்ல. சைக்கிள் டியூப்புக்குப் போடுற சொலூஷன் மஞ்சளாகி பிசின் மாதிரி இருக்கும், அதை விரலால உருட்டி உருட்டித்தான் எடுக்கணும். ரெண்டு டியூப் கலந்து போடுற எபொக்சியா இருந்தா தொடவே தொடாதீங்க, அது கம்பியை விட உறுதி, அதுக்கு மேலயே வேலையை செய்யலாம். எந்தப் பசைன்னு தெரியாம மேல மேல புதுப்பசை ஊத்தினா உள்ள இருக்கிற பழைய பசை ஒரு நாள் விட்டுப் போகும், அப்ப நீங்க ஒட்டின புது இலையும் சேந்து கழண்டு விழும்.

மெத்தை ஸ்பொஞ்ச் இலைகளைப் பத்தி வெளிப்படையா சொல்றேன், அதைக் காப்பாத்த ஏலாது. அது பொலியூரித்தேன், வெளிச்சமும் ஈரமும் வருசக்கணக்கா பட்டா அந்தப் பொருளே உடைஞ்சி போகும், மேல என்ன கம் அடிச்சாலும் உள்ள தூள்தான். விரலால நசுக்கிப் பாருங்க, திரும்ப எழும்பினா வச்சிக்கலாம், மாவா உதிர்ந்தா பழைய பல்லு பிரஷ்ஷால சீவி எடுத்திருங்க. தும்பும் மரத்தூளும் அப்படி இல்ல, பூச்சி அரிக்காம காஞ்சி இருந்தா எத்தனை வருசமானாலும் நிக்கும். சீவி எடுத்ததுல ஒரு பிடியை சின்ன பொலித்தீன் பையில போட்டு மரத்தோட இலக்கம் எழுதி வைங்க, நிறம் கலக்குறப்போ அது கையில இருக்கிறது பெரிய உதவி.

இலை எல்லாம் போன பிறகு மரம் மொட்டையா நிக்கும், அப்பதான் செஞ்சவரை நிஜமா பாக்கலாம். அட்டல் பெட்டியில ஒரு பெரிய எல்ம் மரம் இருந்தது. வாட்டர்லூல பிரிட்டிஷ் தளபதி வெலிங்டன் நின்ன சந்தியில ஒரு எல்ம் மரம் இருந்திச்சி, சண்டை முடிஞ்ச பிறகு பாக்க வந்தவங்க நினைவுக்குன்னு அதோட கொப்பையும் பட்டையையும் பிச்சிப் பிச்சி எடுத்து, 1818ல அதை வெட்டிட்டாங்க, அந்தப் பலகையில நாற்காலி கூட செஞ்சாங்க. சேர் அந்த மரத்தைத்தான் செஞ்சிருந்தார். பட்டை ஒரு இடத்துல வெடிச்சி உள்ள தெரிஞ்சிச்சி, 7 இழை செம்பு வயர், ரப்பரை உரிச்சி பல துண்டை ஒன்னா முறுக்கி தண்டு, மேல போகப் போக ஒவ்வொரு வயரையும் 7 இழையை 4ம் 3மா பிரிச்சி, அந்த 4ஐ ரெண்டு ரெண்டா, 3ஐ ரெண்டும் ஒன்னுமா பிரிச்சி, கடைசியில ஒத்தை இழை நுனிக் கொப்பு. ஒரு பக்கம் கொப்பு கம்மி, அந்தப் பக்கம் பாதை வர்ற பக்கமா இருக்கணும். நுனியில ஒவ்வொரு இழையையும் சின்னதா மேல பாக்க வளைச்சிருக்கார். இலை இருக்கிறப்போ இது ஒன்னும் வெளிய தெரியாது, ஆனா அதனாலதான் அந்த மரம் தூரத்துல இருந்தே மரமா தெரிஞ்சிருக்கு.

செம்பு வயர்ல செஞ்ச எல்லாம் தப்பிச்சிருச்சி, மேல லேசா பச்சை பூத்ததோட சரி. கட்டுக்கம்பியில செஞ்சதுதான் சிக்கல். வெள்ளைக் கம் தண்ணியில கரைஞ்ச பசை, லேசா புளிப்புத் தன்மையும் உண்டு, வெறும் இரும்புக் கம்பி மேல அதை நேரா பூசினா காயுறதுக்குள்ளயே துரு தொடங்கிரும். அதனால புதுசா செய்யிறவங்க முடிஞ்ச வரைக்கும் பழைய வீட்டு வயரை உரிச்சி செம்பை எடுத்துக்கங்க, கட்டுக்கம்பிதான்னா முதல்ல எண்ணெய் பெயின்ட்டோ வார்னிஷோ ஒரு பூச்சு பூசி காய வச்சிட்டு அப்புறமா கம்மைத் தொடுங்க.

துருப்பிடிச்சதுக்கு என்ன செஞ்சேன்னா, உதிர்ற துருவை பித்தளை பிரஷ்ஷால எடுத்திட்டு நல்ல கடும் சாயம், அதாவது பால் சேக்காத தேத்தண்ணி, போட்டு சுடச்சுட பூசினேன். நம்ம தேயிலையில இருக்கிற டனின் துருவோட சேந்தா கருநீலம் கலந்த கறுப்பா மாறும், கடையில விக்கிற துரு மாத்துற திரவங்கள் சிலதுலயும் இருக்கிறது இதே டனின் அமிலம்தான், அதுல செறிவு கூட. சாயம் அந்தளவு பலம் இல்ல, அதனால காயக் காய திரும்பத் திரும்ப பூசணும், கறுப்பு பிடிச்சி கையில ஒட்டாம நின்ன பிறகு ஈரம் போக நல்லா காய வச்சி வார்னிஷ் கட்டாயம் அடிக்கணும். வார்னிஷ் அடிக்காம விட்டா மழைக்காலம் வந்ததும் துரு திரும்ப தொடங்கும். கம்பி உள்ளுக்குள்ளயே தின்னு போயி வளைச்சா முறியிற நிலைமைன்னா அந்தக் கொப்பை மட்டும் வெட்டி, தண்டுல ஒரு துளை போட்டு செம்புக் கம்பியை எபொக்சி வச்சி இறக்கிருங்க.

மிலாறுல செஞ்ச மரங்கள் தனி ரகம். தேயிலைச் செடியை நாலஞ்சு வருசத்துக்கு ஒருக்கா கவ்வாத்து வெட்டுறதால அதோட கொப்பு முடிச்சு முடிச்சா திருகி வளரும், ஒரு சாண் துண்டு எடுத்தா நூறு வருசத்து ஆலமரத்து தண்டு மாதிரி இருக்கும், மரமும் நல்ல வைரம், லேசுல உடையாது. மேல சின்னச் சின்ன வட்டத் துளை இருந்தா மட்டும் அந்தத் துண்டை எடுக்காதீங்க, துளைக்கிற வண்டு உள்ள இருந்திச்சின்னா பெட்டியில இருக்கிற மத்த மரத்துண்டுக்கும் ஆபத்து. சேரோட மிலாறு மரங்கள்ல பழுதானது நுனி மட்டும்தான், தடியான கொப்புல இருந்து நேரா இலை தொடங்குறதால பாக்க முரடா இருந்திச்சி, அங்க மெல்லிசா செம்பு இழை ரெண்டு மூணு செருகி விட்டேன், தண்டு அவர் செஞ்சது அப்படியேதான் இருக்கு.

பட்டை வெடிச்ச இடத்துக்கு பிளாஸ்டர் போடாதீங்க, மேசையில மரம் கை படுற சாமான், சாயும் விழும், பிளாஸ்டர் திரும்ப வெடிக்கும். ஹார்ட்வெயார்ல கிடைக்கிற அக்ரிலிக் சீலன்ட்டை பிரவுன் அக்ரிலிக் பெயின்ட்டும் சலிச்ச மரத்தூளும் கலந்து பூசி, அரை ஈரமா இருக்கிறப்போ ஊசியால மேல கீழா கோடு இழுத்தா பட்டை மாதிரியே வரும், காஞ்ச பிறகும் வளையும். வாங்குறப்போ அக்ரிலிக்கான்னு ஒருக்காவுக்கு ரெண்டு தரம் பாத்து வாங்குங்க, சிலிக்கன் சீலன்ட் பக்கத்துலயே இருக்கும், அதுல பெயின்ட் பிடிக்காது.

நிறம் பத்தி ஒரு விசயம். மரம்னா தண்டு பிரவுன்னு கை தானா போகும். வெளிய வந்து மலையில நிக்கிற சவுக்கைப் பாருங்க, சாம்பல். டர்பன்டைன் மரத்தைப் பாருங்க, பட்டை நார் நாரா உரிஞ்சி உள்ள வெளிறின நிறம். பிரவுன் ரொம்பக் கம்மி. நான் கறுப்பு கலந்த பிரவுன்ல அடிப்பூச்சு போட்டு, மேல காஞ்ச பிரஷ்ல சாம்பல் நிறத்தை லேசா தேய்ச்சி எடுத்தேன், அடியில கொஞ்சம் பாசிப் பச்சை, நம்ம ஊர் மரத்துக்கு பாசி இல்லாம எப்படி. சேர் போட்ட பெயின்ட் நல்லாயிருந்த மரங்கள்ல பெயின்டே அடிக்கல, உதிர்ந்த இடத்தை மட்டும் அதே நிறம் கலந்து மூடினேன். எல்லா மரத்துக்கும் ஒரே மாதிரி புதுப்பூச்சு அடிச்சிட்டா அது பழுது பாத்த மரம் இல்ல, வேற மரம்.

இலைக்கு இப்பதான் வர்றோம். தடிப்பானதுல தொடங்கி மெல்லிசுல முடிக்கணும். தும்பை கையால பிச்சி பஞ்சு மாதிரி விரிச்சி கொப்பு நுனியில மட்டும் கொஞ்சமா சுத்துங்க, அது சின்னக் கிளைங்க. அதுக்கு மேல ஸ்பொஞ்ச் துகள். புது ஸ்பொஞ்சை சின்னதா வெட்டி தண்ணியோட பழைய கிரைண்டர்ல அடிச்சா சீரா உடையும், காஞ்சதா போட்டா உள்ள சுத்திக்கிட்டு மேலயே மிதக்கும், சமையலுக்கு எடுக்கிற கிரைண்டரை இதுக்கு எடுக்காதீங்க. பிழிஞ்சி, அக்ரிலிக் பெயின்ட்ல கொஞ்சம் வெள்ளைக் கம் கலந்து பிசைஞ்சி காய வச்சா நிறம் கையில ஒட்டாது. மூணு பச்சை கலந்து வைங்க: அடியிலயும் உள்ளயும் இருட்டுப் பச்சை, நடுவுல நடுத்தரம், மேல வெயில் படுற இடத்துல மட்டும் மஞ்சள் கலந்த இளம்பச்சை. வானத்துல இருந்து வெளிச்சம் மேலாலதான வரும், மேசையில நாங்களும் மேல இருந்துதான் பாக்குறோம், இந்த ஒன்னு செஞ்சாலே மரம் உயிரோட தெரியும். முழுசா மூடாதீங்க, இலைக்கு நடுவால கொப்பு தெரியிற இடைவெளி விடுங்க, சேர் அவ்வளவு பாடுபட்டு பிரிச்ச 4ம் 3மும் கண்ணுல படட்டும்.

கடைசியில வெள்ளைக் கம் ஒரு பங்குக்கு தண்ணி நாலு பங்கு, ஒரு சொட்டு பாத்திரம் கழுவுற லிக்விட், ஸ்பிரே போத்தல்ல போட்டு நனையிற அளவுக்கு அடிச்சி மரத்தை தலைகீழா தொங்க விடுங்க, இலை ஈரப் பாரத்துல தொய்யாம நிமிர்ந்து காயும். அந்த சொட்டு லிக்விட் இல்லன்னா கம் தண்ணி இலை மேல முத்து முத்தா உருண்டு ஓடிரும், உள்ள இறங்காது. கரைச்ச கம்மை மிச்சம் வைக்காதீங்க, புளிச்சி நாறும், அதுலயே பூஞ்சணம் வரும். காயிறதுக்கு கீழ்நாட்டுல ராத்திரி ஒன்னு போதும்னு சொல்வாங்க, இங்க பனி மூடின கிழமையில மேலால காஞ்ச மாதிரி காட்டி உள்ள பச்சையா இருக்கும், அடுப்பு இருக்கிற காம்பராவுல நெருப்புக்கு எட்டத்துல, அடுப்புக்கு நேர் மேல இல்லாம, தொங்க விட்டுட்டு பொறுமையா இருங்க. உள்ள ஈரத்தோட பெட்டியில போட்டு மூடினா அந்த அலுமாரி கதைதான் திரும்ப.

காட்டுத் தரைக்கு ஊறி முடிஞ்ச தேயிலைச் சக்கை நல்லாயிருக்கும், காஞ்ச சருகு மாதிரியே தெரியும், ஆனா அதை ஓவன்ல 100 பாகை அளவுல பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டே மொறுமொறுன்னு காய வச்சிட்டுத்தான் எடுக்கணும். காட்டுப் பாசியும் மரத்துல தொங்குற தாடிப் பாசியும் எடுக்க ஆசை வரும், ஹோர்ட்டன் சமவெளி பக்கம் போனா இன்னும் வரும். அது 1988ல இருந்து தேசிய பூங்கா, ஒரு இலை கூட எடுக்கக் கூடாது, எடுக்காதீங்க, அந்தப் பாசி அங்க வளர எவ்வளவு காலம் எடுத்திருக்கும்னு யோசிச்சாலே போதும். கடையில வர்ற நிறம் போட்ட லைக்கன் பாசியும் எனக்கு சரிவரல, அதை கிளிசரின்ல பதப்படுத்துறாங்க, கிளிசரின் காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும், மழை மாசத்துல தொட்டா பிசுபிசுன்னு வேர்க்கும்.

அடித்தட்டு ஊதின மரங்களுக்கு பழைய சீடி வச்சேன். ஈரம் குடிக்காது, வளையாது, நடுத்துளை 15 மி.மீ. இருக்கிறதால தண்டோட அடியை அதுக்குள்ளயே இறக்கி எபொக்சி வைக்கலாம், மேல மண்தாள் போட்டு சொரசொரப்பாக்கினாத்தான் பசை பிடிக்கும், அடியில ரெண்டு மூணு இரும்பு வொஷர் ஒட்டினா பாரமும் ஆச்சி. காட்டுக்கு வேற முறை: கோணல் மாணலா வெட்டின எம்டிஎஃப், அதாவது மரநாரை அழுத்திச் செஞ்ச பலகைத் தட்டு, அதோட விளிம்பு, அடி எல்லாம் வார்னிஷ் அடிச்சி, மேல சின்ன காந்தம் பதிச்சி, வொஷர் அடி வச்ச மரங்களை அதுல நிறுத்துறது. சிப்பாய்கள் காட்டுக்குள்ள நுழையிறப்போ மரத்தை எடுத்து ஓரமா வச்சிக்கலாம், தட்டோட எல்லைதான் காட்டோட எல்லை, விளையாட்டும் தடைபடாது, கொப்பும் கை பட்டு வளையாது.

எந்த மரம் எந்த மேசைக்குன்னு பிரிச்சது எனக்கு ரொம்ப பிடிச்ச வேலை. இன்னைக்கு மலைநாடுன்னா நம்ம கண்ணுக்கு சவுக்கு, டர்பன்டைன், பைன், நடுவுல தேயிலை. ஆனா 1638ல இதுல ஒன்னு கூட இங்க இல்ல, தேயிலை 1867ல ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்துல பயிரிட்ட பிறகுதான் தோட்டமா வந்திச்சி, சவுக்கும் பைனும் வெளிநாட்டுல இருந்து கொண்டாந்து நட்டது. அதனால கன்னொருவை மேசைக்கு பலா, பாக்கு, கித்துள், மூங்கில், அடர்ந்த காட்டு மரம்தான் சரி. சேர் செஞ்ச ஊசியிலை மரங்களை அகன்ற இலை மரமா மாத்திரலாம்னு எங்க செட்ல ஒரு தம்பி கேட்டான், நான் ஒத்துக்கல, அந்தக் கொப்பு ஊசியிலை மரத்துக்குன்னு நேரா அடுக்கடுக்கா பிரிச்ச கொப்பு, அதுல எந்த இலையை ஒட்டினாலும் பொய்யாத்தான் தெரியும். அது ஐரோப்பா மேசையிலயே இருக்கட்டும்.

வச்சிக்கிற முறை இப்ப இதுதான்: மூடி இறுக்கமான பிளாஸ்டிக் பெட்டி, உள்ள ரெஜிபோம் (தெர்மோகோல்) தட்டுல துளை போட்டு மரங்களை நிக்க வைக்கிறது, பேப்பர் சுத்துறதே இல்ல, பேப்பர் ஈரத்தை இழுத்து மரத்தோட ஒட்ட வச்சிக்கும். ஸ்பிரே வார்னிஷ் அடிச்ச மரம்னா வாடை முழுசா போன பிறகுதான் ரெஜிபோம்ல வைக்கணும், இல்லன்னா அதுல இருக்கிற கரைப்பான் ரெஜிபோமை கரைச்சிரும். ஆரஞ்சுல இருந்து பச்சையா மாறுற சிலிக்கா ஜெல் பை ஒவ்வொரு பெட்டியிலயும் உண்டு, பச்சை ஆயிருச்சின்னா ஓவன்ல 120 பாகை அளவுல ரெண்டு மூணு மணித்தியாலம் வச்சா திரும்ப ஆரஞ்சாகும். வெயில் நாள்ல பெட்டிகளை தெறந்து காத்தாட விடுறோம், அப்பவே கம்பியில துரு தலை காட்டுதான்னு ஒரு பார்வை பாத்திருவோம்.

எல்ம் மரத்தை மட்டும் நான் இலையே ஒட்டாம வச்சிருக்கேன், வெடிச்ச பட்டையையும் மூடல. புதுசா மரம் செய்யப் பழகுற பிள்ளைங்களுக்கு கம்பியை எப்படி பிரிக்கணும்னு காட்ட அதை விட நல்ல பாடம் இல்ல.

இப்ப கையில இருக்கிறது கித்துள் மரங்கள். சேர் பேப்பர்ல மீன் வால் மாதிரி ஒவ்வொரு சின்ன இலையா வெட்டி கோதுமை மாப் பசையால ஈர்க்குல ஒட்டியிருந்தார், அந்த மாவுக்காகவே கரப்பானும் வெள்ளிப் பூச்சியும் வந்து இலையை ஓரத்துல இருந்து அரிச்சிருச்சி. ஈர்க்கும் தண்டும் நல்லாயிருக்கு. மிஞ்சின ரெண்டு இலையை ஸ்கேன் பண்ணி அதே அளவுல கெட்டி டிரேசிங் பேப்பர்ல வெட்டி, ரெண்டு பக்கமும் கம் தண்ணி பூசி காய வச்சி, வெள்ளைக் கம்லயே ஒட்டிக்கிட்டு வர்றேன். ஒரு ஓலைக்கே ஒரு பின்னேரம் போயிருது, ஓலை நுனி தொங்குற வளைவு அவர் ஈர்க்குல வளைச்சி வச்சது அப்படியே இருக்கிறதால எங்க ஒட்டணும்னு யோசிக்கவே தேவையில்ல.